ஆறு லட்சம் கூடுதலா, அறுபத்தேழு மணி நேரமா? புதிய வேலையை ஏற்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

2025 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் வந்து கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"சித்தி, ஆஃபர் வந்துவிட்டது. பன்னிரண்டு லட்சத்திலிருந்து பதினெட்டு. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்."

அக்கா அதற்குள் பிள்ளையாருக்குத் தேங்காயே உடைத்துவிட்டாள். நான் மட்டும் "எங்கே வேலை?" என்று கேட்டேன். சென்னைக்குத் தெற்கே, சிறுசேரியில். வீடு குரோம்பேட்டையில். இப்போதைய அலுவலகம் கிண்டியில். "எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய்?" என்றேன். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சித்தி" என்றான்.

பதினான்கு ஆண்டுகள் சம்பளப் பட்டியல் போட்டவள் நான். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சேர்ந்து, பதினெட்டு மாதத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு கடைசிக் கணக்கை முடிக்க வந்து நின்றவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். எவ்வளவு தருகிறார்கள் என்பதுதான் கடிதத்தில் இருக்கும். எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள் என்பது எந்தக் கடிதத்திலும் இருக்காது. அதை நாமேதான் கண்டுபிடித்து எழுத வேண்டும். அன்று மாலை தொடங்கி அடுத்த சில நாள்களில் அவனும் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்த கணக்கைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். எண்கள் அவனுடையவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும்; போடும் முறை மாறாது.

முதல் படி: செருப்புக் கணக்கு

"வேலை நேரம் எவ்வளவு?" என்று யாரைக் கேட்டாலும் எட்டு மணி, ஒன்பது மணி என்பார்கள். அது அலுவலகத்தின் கணக்கு. நம்முடைய கணக்கு வாசலில் செருப்பை மாட்டும்போது தொடங்கி, திரும்பி வந்து கழற்றும்போது முடிகிறது. ஒரு வாரம் இந்த இரண்டு நேரத்தையும் எழுதி வையுங்கள். ஊகத்தில் எழுதக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். வீட்டுக்கு வந்தபின் அலுவலகத்துக்காகப் பேசிய ஒவ்வொரு அழைப்பையும் நிமிடக் கணக்கில் அதன் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். "இரண்டே நிமிடம்" என்று வந்த அழைப்பு இருபது நிமிடம் ஓடியது அப்போதுதான் தெரியும்.

இவன் காலை 8.45-க்குக் கிளம்பி, குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, வேலை முடித்து இரவு 7.15-க்கு வீடு திரும்புகிறான். பத்தரை மணி நேரம். மாதம் 22 நாள் என்று வைத்தால் 231 மணி நேரம். இரவு அழைப்பு ஏறக்குறைய கிடையாது.

புதிய வேலைக்கு இந்தக் கணக்கை எப்படிப் போடுவது? வரைபடச் செயலியை ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்து "ஒரு மணி நேரம்தான்" என்று சொல்வதில் பயனில்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்து, வேலைக்குப் போகிற அதே நேரத்தில் அந்த அலுவலகத்து வாசல் வரை போய் வாருங்கள். திங்கட்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. இவனைப் போகச் சொன்னேன். சிணுங்கிக்கொண்டே போனான். பல்லாவரம் ரேடியல் சாலை வழியாகத் துரைப்பாக்கம் வந்து, பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்த இடங்களில் ஊர்ந்து, சிறுசேரி சிப்காட் போய்ச் சேர ஒரு மணி 35 நிமிடம். திரும்பி வர ஒரு மணி 25 நிமிடம். ஆக மூன்று மணி நேரம். "மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை மெட்ரோ வந்துவிட்டால் பயணம் குறைந்துவிடும் சித்தி" என்றான். வரட்டும், வந்தபின் கணக்கை மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஓடாத ரயிலில் இன்றைக்கு ஏற முடியாது.

அலுவலகத்துக்குள் ஒன்பதரை மணி நேரம். பயணத்தோடு பன்னிரண்டரை. 22 நாளுக்கு 275 மணி நேரம்.

இனி இரவு அழைப்புகள். வாடிக்கையாளர் அமெரிக்காவில் என்றால், "எந்தக் கரை?" என்பதுதான் முதல் கேள்வி. நியூயார்க்கில் காலை ஒன்பதரை என்றால் கோடையில் நமக்கு இரவு ஏழு. சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். கலிஃபோர்னியாவில் காலை ஒன்பது என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை நமக்குப் பத்தரை. நேர்காணலில் "எப்போதாவது ஒரு சிறிய அழைப்பு" என்று சொல்லியிருந்தார்கள். அதே நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பனிடம் விசாரித்தபோது வாரத்தில் நான்கு இரவு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று தெரிந்தது. மாதத்துக்குச் சுமார் 17 மணி. இத்துடன் மாதம் ஒரு சனிக்கிழமை, புதிய பதிப்பு வெளியாகும் நாள், ஆறு மணி நேரம்.

275-உம் 17-உம் 6-உம் சேர்த்தால் 298. இப்போதைய 231-ஐக் கழித்தால் 67 மணி நேரம் கூடுதல். தூங்கும் நேரம் போக ஒரு நாளில் 16 மணி நேரம் விழித்திருக்கிறோம் என்று கொண்டால், மாதத்தில் நான்கு முழு நாள்களுக்கும் மேல்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. செருப்பைக் கழற்றியதும் அடுப்பைப் பற்றவைக்கிறவருக்குக் கணக்கு அங்கே முடிவதில்லை. வீட்டு வேலையையும் பக்கத்திலேயே தனி வரிசையாக எழுதிக் கணவரிடம் காட்டுங்கள். என் வீட்டில் அந்த நோட்டுப் பக்கம் செய்த வேலையைப் பதினைந்து ஆண்டு சண்டை செய்ததில்லை.

இரண்டாம் படி: சி.டி.சி.யை உரித்துப் பார்ப்பது

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை, உங்கள் கைக்கு வருவது அல்ல. வெங்காயம் மாதிரி உரிக்க உரிக்கக் குறையும். கண்ணிலும் தண்ணீர் வரும்.

முதலில் இப்போதைய 12,00,000. இதில் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு 21,600 (15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம், பன்னிரண்டு மாதத்துக்கு). பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ஏறத்தாழ 23,100. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 12,000. இவை போக நிலையான சம்பளம் 11,43,300. அதில் அவனுடைய பங்காக வைப்பு நிதிக்கு 21,600, தொழில் வரி 2,500 பிடித்தம். வருமான வரி? புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு, சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், தள்ளுபடியால் வரி பூஜ்யம். ஆக ஆண்டுக்கு 11,19,200, மாதத்துக்குச் சுமார் 93,270 கைக்கு வருகிறது.

இப்போது புதிய 18,00,000. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: இதில் 10 சதவீதம், அதாவது 1,80,000, செயல்திறன் சார்ந்த மாறும் ஊதியம். நிறுவனமும் நன்றாக நடந்து, மேலாளரும் நல்ல மதிப்பெண் போட்டால்தான் அது முழுமையாக வரும். அதை நம்பி இ.எம்.ஐ. கட்ட முடியாது, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடும். ஒதுக்கி வைப்போம். வைப்பு நிதி 21,600, பணிக்கொடை 34,600, காப்பீடு 12,000 ஆகியவற்றையும் கழித்தால் நிலையான சம்பளம் 15,51,800.

இனி வரி. நிலைக்கழிவு போக 14,76,800. நான்கிலிருந்து எட்டு லட்சம் வரை 5 சதவீதம், 20,000. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 10 சதவீதம், 40,000. அதற்கு மேலுள்ள 2,76,800-க்கு 15 சதவீதம், 41,520. கூட்டி, வரியின்மேல் போடும் 4 சதவீதக் கூடுதல் வரியான செஸ்ஸைச் சேர்த்தால் 1,05,581. இதுவரை ஒரு ரூபாய் வரி கட்டாதவன் இனி ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கட்டுவான். வைப்பு நிதியும் தொழில் வரியும் போக மாதத்துக்குச் சுமார் 1,18,510.

வித்தியாசம் 25,240 ரூபாய்.

பையன் கால்குலேட்டரை மூன்று முறை தட்டிப் பார்த்தான். ஆண்டுக்கு ஆறு லட்சம் கூடுதல் என்றதும் மாதம் ஐம்பதாயிரம் என்று அவன் மனம் ஏற்கெனவே வகுத்து முடித்திருந்தது. ஒரு கார் வரைக்கும் போயிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. மாறும் ஊதியத்தில் 70 சதவீதம் கிடைத்தால் வரி போக மாதத்துக்கு இன்னும் 8,850 ரூபாய் வரும். முழுவதும் கிடைத்தால் 12,400. அப்போதும் ஐம்பதாயிரத்தைத் தொடாது.

இந்த இடத்தில் வேறு இரண்டு பள்ளங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சம்பளம் 12.75 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 13.45 லட்சம் வரை ஏறுகிறவர்கள் கவனமாக இருங்கள். தள்ளுபடி எல்லையைத் தாண்டியவர்களுக்கு ஓரச் சலுகை உண்டு. எல்லைக்கு மேல் சம்பாதித்த தொகை எவ்வளவோ அவ்வளவுதான் வரி, பிறகு அதன்மேல் செஸ். பெயர் சலுகை, நடைமுறையில் அந்த எழுபதாயிரம் ரூபாய் உயர்வு மொத்தமும் வரிக்கே போய்விடுகிறது. "பெரிய பொறுப்பு, ஐம்பதாயிரம் கூடுதல்" என்று இந்த இடைவெளிக்குள் உங்களை ஏற்றினால், பொறுப்பு மட்டும்தான் உங்களுக்கு. இன்னொன்று, நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை பெற ஐந்து ஆண்டுத் தொடர் சேவை வேண்டும். நாலரை ஆண்டு ஒரே இடத்தில் இருந்தவர் இன்று கிளம்பினால் அத்தனை ஆண்டும் சி.டி.சி.யில் காட்டிய அந்தத் தொகையை விட்டுவிட்டுப் போகிறார். சில மாதம் தள்ளிச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: கூடுதல் பணத்தைக் கூடுதல் நேரத்தால் வகுப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கணக்கைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய வேலையில் 93,270 ரூபாய், 231 மணி நேரம். மணிக்கு 404 ரூபாய்.

புதிய வேலையால் கூடுதலாக வருவது 25,240 ரூபாய், கூடுதலாகப் போவது 67 மணி நேரம். மணிக்கு 377 ரூபாய்.

அதாவது "ஐம்பது சதவீத உயர்வு" என்று ஊரெல்லாம் சொன்ன வேலை, அவனுடைய கூடுதல் நேரத்தை இப்போதைய விலையைவிடக் குறைந்த விலைக்கு வாங்கப் பார்க்கிறது. இதற்கு மேல் செலவும் உண்டு. சமைக்க நேரமில்லாமல் வெளியில் வரவழைக்கும் சாப்பாடு, நிறுவனப் பேருந்தைத் தவறவிட்ட நாளில் கார் வாடகை எல்லாம் சேர்த்து மாதம் நாலாயிரம் என்று குறைத்தே வைத்தோம். மணிக்கு 317 ரூபாயாக இறங்கியது.

மொத்தச் சம்பளத்தை மொத்த மணி நேரத்தால் வகுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் 404-உம் 398-உம் வரும். ஏறக்குறைய ஒன்றுதானே என்று தோன்றும். முதல் 231 மணி நேரம் எப்படியும் விற்றாகிவிட்டது. இப்போது பேரம் நடப்பது அடுத்த 67 மணி நேரத்துக்கு. அதன் விலையை மட்டும் பாருங்கள்.

நான்காம் படி: போவது எந்த நேரம்?

எல்லா மணி நேரமும் ஒரே எடையல்ல. பேருந்தில் உட்கார இடம் கிடைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகும் ஒரு மணி நேரமும், குழந்தை தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் ஒன்றாகிவிடாது. நோட்டில் எழுதிய கூடுதல் நேரத்தைப் பார்த்து, அந்த நேரத்தில் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதுங்கள். கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பதுதான் பதில் என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அப்படிப்பட்ட நேரத்தை நல்ல விலைக்கு விற்பதில் தவறே இல்லை.

இவன் பட்டியலில் மூன்று இருந்தன. வாரத்தில் மூன்று மாலை குரோம்பேட்டையில் பையன்களோடு பூப்பந்து. செவ்வாய், வியாழன் இரவில் ஒரு மேகக் கணினிச் சான்றிதழ்ப் படிப்பு. அப்புறம், அவனாக எழுதவில்லை, நான் கேட்டபின் சேர்த்தான்: இரவு ஒன்பது மணிக்கு அம்மாவின் சர்க்கரை அளவைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது. அக்கா அப்போது தேங்காய் மூடியைத் துருவிக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

என் கதையும் இங்கே பொருந்தும். முன்பு ஒரு நிறுவனத்தில் மேலாளர் பதவி கொடுத்தார்கள். மாதத்துக்குப் பதினோராயிரம் கூடுதல். ஏழாம் தேதிக்குள் சம்பளத்தில் பிடித்த வரியைச் செலுத்த வேண்டும், பதினைந்தாம் தேதிக்குள் வைப்பு நிதியைக் கட்ட வேண்டும். இரண்டும் இனி என் தலையில். தங்கையின் வளைகாப்பு ஒரு பதினைந்தாம் தேதியில் அமைந்தது. காலையில் கணக்கில் ஏதோ பிழை என்று அழைப்பு. கூடத்தில் வளையல் சத்தமும் பெண்களின் பாட்டும் கேட்டுக்கொண்டிருக்க, நான் கொல்லையில் துவைக்கும் கல்லின்மேல் மடிக்கணினியை வைத்து, பட்டுப்புடவை முந்தானையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சலான் எண்ணைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது கலந்த சாதம் ஆறியிருந்தது. தங்கை கையில் நான் வளையல் போடும் படம் எங்கள் ஆல்பத்தில் இல்லை. அந்தப் பதினோராயிரத்தில் அந்த மாதம் என்ன வாங்கினேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

ஐந்தாம் படி: பணம் வெல்ல வேண்டிய இடங்கள்

இதுவரை படித்துவிட்டு "நேரமே பெரிது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாடகைக்கு அடுத்த மாதம் என்ன செய்வது என்று தெரியாதவரிடம் போய் மாலை நேரத்தின் அருமையைப் பேசுவது அக்கிரமம். கிரெடிட் கார்டு பாக்கியோ கந்துவட்டியோ இருந்தால் பணத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வட்டி உங்கள் நேரத்தை வேறு வழியில் தின்றுகொண்டிருக்கிறது. ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாதவருக்கும் அப்படியே. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டே ஆனவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த 67 மணி நேரத்தில் வேறெங்கும் கற்க முடியாத தொழில் கைக்கு வருமானால், அதுவும் சம்பளம்தான். "இரண்டு ஆண்டு கழித்து, இங்கே கற்றதை வைத்து வெளியே என்ன வேலை கேட்பேன்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுத முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அது வெறும் உழைப்பு.

பணத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நிபந்தனை. உயர்வில் பாதியையாவது நேரத்தைத் திரும்ப வாங்குவதற்கு ஒதுக்குங்கள். வெற்றுப் பேச்சாகத் தோன்றும், கணக்கைப் பாருங்கள். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 34,713 ரூபாய். அதோடு மாதம் 5,000 சேர்த்துக் கட்டினால் கடன் 14 ஆண்டு 9 மாதத்தில் முடிகிறது. ஐந்தேகால் ஆண்டுகள், "இந்த வேலை போனால் தவணை என்ன ஆகும்" என்ற பயம் இல்லாமல் கழிகின்றன. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் போட முடியாது. உயர்வு வந்த முதல் மாதமே இதைத் தானியங்கியாகப் போட்டுவிடுங்கள். மூன்றாம் மாதம் வரை காத்திருந்தால் அந்தப் பணத்துக்கு ஒரு கார் முளைத்துவிடும். பிறகு அந்தக் காருக்காகவே அந்த வேலையில் நீடிக்க வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: பணத்தோடு நேரத்தையும் பேரம் பேசுவது

கோயம்பேட்டில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுகிறவர்கள், ஆஃபர் கடிதத்தின் முன்னால் வாயடைத்துப்போகிறார்கள். பேசினாலும் சம்பளத்தைத்தான் பேசுகிறார்கள். சம்பளத்துக்கு அந்தப் பதவியின் ஊதிய வரம்பு ஒன்று இருக்கிறது. மனிதவளத் துறைக்காரரால் அதைத் தாண்ட முடியாது. நேரத்துக்கு அப்படி வரம்பு கிடையாது. குழு மேலாளர் நினைத்தால் கொடுத்துவிடலாம், அவர் பட்ஜெட்டில் ஒரு ரூபாய் குறையாது. பட்டியல் போட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: சம்பளத்தில் ஐம்பதாயிரம் கூட்ட நான்கு பேர் கையெழுத்து வேண்டும். வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒருவர் தலையசைத்தால் போதும்.

கேட்பதற்கு ஏற்ற நேரம், அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுத்தபின், நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன். அந்தச் சில நாள்தான் உங்கள் கை மேலோங்கியிருக்கும். சேர்ந்தபின் கேட்டால் அது சலுகை. முன்பே கேட்டால் நிபந்தனை. "நாளைக்குள் பதில்" என்று அவசரப்படுத்தினால், "வீட்டில் பேசி வியாழக்கிழமை சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மூன்று சுற்று நேர்காணல் நடத்தியவர்கள் மூன்று நாளில் ஓடிவிட மாட்டார்கள்.

அவன் ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சலின் சாரம் இது: "பொறுப்பும் ஊதியமும் எனக்கு ஏற்புடையவை. சேர்வதற்கு முன் மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய இயலுமா? இரவு அழைப்புகளை ஒன்பது மணிக்குள் முடிக்க இயலுமா? சனிக்கிழமை வேலை செய்தால் அடுத்த வாரத்தில் மாற்று விடுப்பு கிடைக்குமா?" காரணம் எதையும் எழுதக் கூடாது என்றேன். அம்மாவுக்குச் சர்க்கரை என்று எழுதினால், அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற விவாதமாக அது மாறிவிடும்.

பதில் தொலைபேசியில் வந்தால், பேசி முடித்ததும் "நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாய்வார்த்தை கொடுத்த மேலாளர் ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். புதிதாக வருபவர் மின்னஞ்சலைத்தான் பார்ப்பார்.

நேர்காணலில் கேட்க இரண்டு கேள்விகள். "வேலை, வாழ்க்கை சமநிலை எப்படி?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "மிக நன்றாக" என்பதைத் தவிர வேறு பதில் யாரும் சொன்னதில்லை. "கடந்த மூன்று மாதத்தில் குழு எத்தனை சனிக்கிழமை வேலை செய்தது?" என்று எண்ணைக் கேளுங்கள். "எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் எங்கே போனார்?" என்று கேளுங்கள். பதிலைவிட, பதிலுக்கு முந்தைய மௌனம் அதிகம் சொல்லும். முன்னறிவிப்புக் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்ணூறு நாள் என்றால், பிடிக்காத வேலையிலிருந்து வெளியேறவே மூன்று மாதம். அதுவும் விலைதான்.

மேலாளர் பதவிதான் முன்னேற்றம் என்று கட்டாயம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பல ஐ.டி. நிறுவனங்களில் ஆள்களை மேய்க்காமல் தொழில்நுட்ப வரிசையிலேயே மேலே போக வழி இருக்கிறது. கேட்காதவர்களுக்கு அதைக் காட்டுவதில்லை.

கொஞ்சம் விலகி ஒரு விஷயம். இப்படி நேரத்தைக் கேட்பது சோம்பேறித்தனம் என்று உறுத்தினால், மெரினாவில் உழைப்பாளர் சிலை வரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது இதே சென்னைக் கடற்கரையில்தான், 1923-இல், சிங்காரவேலர் தலைமையில். மே தினம் பிறந்ததே எட்டு மணி நேர வேலைக் கோரிக்கையிலிருந்துதான். நூறு ஆண்டு கழித்து 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்றே அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் இளைஞர்கள் வாரத்துக்கு எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதைத் தொண்ணூறாக்கினார். பெரிய மனிதர்கள் பேசிக்கொள்ளட்டும். அவர்கள் பெற்ற ஊதியத்தை அவர்கள் சொன்ன மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால், அவர்களுக்குக் கட்டுப்படியாகும் என்றுதான் தெரிகிறது.

ஏழாம் படி: சேர்ந்தபின் முதல் மாதம்

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. முதல் நான்கு வாரத்தில் நீங்கள் எப்படி நடக்கிறீர்களோ அதுதான் உங்கள் வழக்கம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இரவு பதினொன்றரைக்கு வந்த செய்திக்கு முதல் வாரம் உடனே பதில் போட்டால், மூன்றாம் மாதம் பதில் போடாததைக் குறையாகச் சொல்வார்கள். காலையில் முதல் வேலையாகப் பதில் அனுப்புங்கள், தெளிவாக, முழுமையாக. நேரத்துக்குக் கிளம்புகிறவர் வேலையில் ஒரு குறை வைக்கக் கூடாது. குறை வைத்தால் கிளம்பும் நேரம்தான் அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். நியாயமில்லைதான், ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

எட்டாம் படி: ஆறு மாதத்தில் மறுகணக்கு

நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு வாரம் மறுபடியும் செருப்புக் கணக்கு எழுதுங்கள். வேலை நீர் போல. இடம் கிடைத்தால் பரவிவிடும். மாதத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடியிருந்தால், அந்த எண்ணோடு மேலாளரிடம் போங்கள். "வேலைப்பளு அதிகம்" என்று சொன்னால் "எல்லோருக்கும்தான்" என்பார். "ஜூலையில் 12 மணி, ஆகஸ்டில் 19 மணி" என்று சொன்னால் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

அக்கா மகனுக்கு வியாழக்கிழமை மாலை பதில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, சம்மதம். மாற்று விடுப்பும் சரி. இரவு அழைப்பு ஒன்பது மணிக்குள் என்பதற்கு மட்டும், வாடிக்கையாளர் இருப்பது கலிஃபோர்னியாவில் என்பதால் உறுதி கொடுக்க முடியாது என்றார்கள்.

மறுபடியும் நோட்டை எடுத்தோம். மாதத்தில் சுமார் ஒன்பது நாள், நாளுக்கு மூன்று மணி நேரப் பயணம் மிச்சம், 26 மணி. கூடுதல் நேரம் 67-லிருந்து 41-ஆக இறங்கியது. அதே 25,240 ரூபாய்க்கு இப்போது மணிக்கு 616 ரூபாய். இதே விலையைச் சம்பளத்தால் மட்டும் எட்டியிருக்க வேண்டுமென்றால், நிலையான ஊதியத்தில் இன்னும் 2.3 லட்சத்துக்கு மேல் ஏற்றிக் கேட்டிருக்க வேண்டும். ஒரு மின்னஞ்சலில் முடிந்தது.

"அப்படியானால் சேர்ந்துவிடலாமா சித்தி?" என்றான்.

நோட்டைத் திருப்பி, நான்காம் படியில் எழுதிய பட்டியலைக் காட்டினேன். பூப்பந்து மூன்று மாலையிலிருந்து ஒன்றாகும். படிப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றலாம். ஒன்பது மணி மாத்திரைக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன், எனக்கென்ன கண் தெரியாதா?" என்றாள். அவன் பேனாவை வாங்கி, அந்த இடத்தில் "8.45, அழைப்புக்கு முன்" என்று எழுதினான். சேர்ந்து நான்கு மாதமாகிறது. அடுத்த மறுகணக்குக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.